குஞ்சம்மா டீச்சரின் தம்பி

அந்தக் காலத்தில் அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்தில் சடுகுடு பார்க்கிறவர்களுக்குச் சாமிதுரையைத் தெரியாமல் இருக்காது. அரியலூருக்கு மேற்கே சுண்ணாம்புக்கல் குவாரியில் லாரிக்குக் கல் ஏற்றுவது அவன் வேலை. உடம்பு கல்லோடு கல்லாக இறுகிக் கிடந்தது. நடுக்கோட்டைத் தாண்டிப் பாடிப் போனான் என்றால் இரண்டு பேரையாவது தொட்டுவிட்டுத்தான் திரும்புவான். நாலு பேர் சேர்ந்து இடுப்பைப் பிடித்துத் தொங்கினாலும் அவர்களையும் இழுத்துக்கொண்டு கோட்டுக்கு வந்து சேருவான்.

அவன் அப்பனும் பாட்டனும் அடுத்தவர் நிலத்தில் பண்ணைக்கூலியாக உழைத்து ஓய்ந்தவர்கள். அவர்கள் தெருவிலிருந்து ஒருவன் ஊர்த் திடலில் இறங்கி எல்லாரோடும் சமமாக நின்று ஆடியதே அவன் காலத்தில்தான். மாரியம்மன் திருவிழாவில் வெளியூர் செட்டைத் தோற்கடித்த அன்று அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊரையே சுற்றி வந்தார்கள். தூக்கியவர்களில் பாதிப் பேர், அவன் அப்பன் எதிரே வந்தால் ஒதுங்கிப் போகச் சொன்ன வீட்டுப் பிள்ளைகள். அந்தத் தோள்களின் மேலிருந்து பார்த்தபோது ஊர் எப்படித் தெரிந்தது என்பதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அதன் பிறகு அவன் நடையே மாறிவிட்டது என்று அவன் அம்மா ஆண்டாயி சொல்லுவாள்.

அந்தத் தெருவுக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. அது அவனுடைய அக்கா குஞ்சம்மாள். கூலி வேலைக்குப் போய்க்கொண்டே படித்து, வாத்தியார் டிரெய்னிங் முடித்து, செட்டிகுளத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆரம்பப் பள்ளியில் டீச்சரானவள். தெருவில் சர்க்கார் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். பெரம்பலூரில் தையல்கடை வைத்திருந்த தர்மனுக்கு அவளைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அக்காவை விட்டால் தம்பி, தம்பியை விட்டால் அக்கா என்று வளர்ந்தவர்கள். இருந்தாலும் பேர் என்னவோ தம்பிக்குத்தான். புதுப் பள்ளிக்கூடத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே தலைமையாசிரியர், "நீ சடுகுடு சாமிதுரைக்கு அக்காவாமே" என்றுதான் வரவேற்றாராம்.

எண்பத்திரண்டாம் வருஷம் ஆடி மாதத்தில் குஞ்சம்மாளுக்குக் கால் வீங்கத் தொடங்கியது. நின்றுகொண்டே பாடம் நடத்துவதால் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு காலையில் எழுந்தால் முகம் ஊதி, கண் பாதிதான் திறந்தது. சோற்றைப் பார்த்தாலே குமட்டியது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. இரத்தம் கம்மியாக இருக்கிறது என்று யாரோ டானிக் கொடுத்தார்கள். தர்மனுக்கு மனசு கேட்கவில்லை. பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

அங்கே இருந்த டாக்டர் கிருஷ்ணமூர்த்தி வயசில் சின்னவர். அவள் இரத்த அழுத்தத்தைப் பார்த்தார். நம்பாமல் இன்னொரு முறை பார்த்தார். சிறுநீரை ஒரு கண்ணாடிக் குழாயில் பிடித்து ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். அது தயிர் மாதிரித் திரிந்து கட்டியானது. உடம்பில் தங்க வேண்டிய சத்து சிறுநீரோடு போய்க்கொண்டிருக்கிறது, கிட்னி இரண்டும் கெட்டிருக்கும் போலத் தெரிகிறது, திருச்சியில் ஒரு முறை காட்டிவிட்டு நேரே வேலூருக்குப் போய்விடுங்கள் என்று அவர் சொன்னார். அவர் குரல் தாழ்ந்ததை வைத்தே விஷயம் பெரிது என்று தர்மனுக்குத் தெரிந்துபோயிற்று.

வேலூரில் படம் எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு கிட்னியும் சுருங்கி, இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. சின்ன வயசில் எப்போதாவது உடம்பெல்லாம் சிரங்கு வந்து முகம் வீங்கியதா என்று கேட்டார்கள். ஆண்டாயிக்கு ஞாபகம் இருந்தது. குஞ்சம்மாளுக்கு ஏழோ எட்டோ வயசில் அப்படி வந்தது, வேப்பிலை அரைத்துப் பூசினாள், வீக்கம் வடிந்தது, பிறகு யாரும் அதை நினைக்கவே இல்லை. அப்போது ஆரம்பித்தது உள்ளுக்குள்ளேயே இருபது வருஷம் தின்றிருக்கலாம் என்றார் அங்கிருந்த பெரிய டாக்டர். இருக்கலாம் என்றுதான் சொன்னார். நிச்சயமாக அதுதான் என்று சொல்லவில்லை.

மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்து கொஞ்ச காலம் ஓட்டலாம். பிழைத்து எழுந்து வேலைக்குப் போக வேண்டுமானால் வேறு ஆளிடமிருந்து ஒரு கிட்னியை எடுத்து வைக்க வேண்டும். கூடப் பிறந்தவர்கள், பெற்றவர்கள் கொடுத்தால் சேரும். இதைக் கேட்டதும் ஆண்டாயி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுந்து நின்றாள். அவளுக்கு இரத்தக்கொதிப்பு இருந்தது. முடியாது என்று விட்டார்கள். தர்மன் இரத்தம் வேறு இனம். மிஞ்சியது சாமிதுரை.

குவாரிக்கு ஆள் வந்து சொன்னபோது அவன் லாரி மேல் நின்றுகொண்டிருந்தான். போட்டது போட்டபடி விட்டுவிட்டு அரியலூரில் ரயிலேறி, விழுப்புரத்தில் மாறி, வேலூர் கண்டோன்மெண்டில் போய் இறங்கினான். வார்டில் அக்காவைப் பார்த்தான். நிறமே சாம்பல் பூத்துப்போயிருந்தது. உதடு வெடித்திருந்தது. ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று அளந்து வைத்திருந்தார்கள். அதில் ஒரு வாய் குடித்துவிட்டு மிச்சத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

இரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், என்னென்னவோ சோதித்தார்கள். இரண்டு பேருக்கும் நன்றாகப் பொருந்துகிறது என்று முடிவு வந்தது. சாமிதுரைக்கு ஒரு பந்தயத்தில் ஜெயித்த மாதிரிதான் இருந்தது. பெரிய டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஒரு கிட்னியோடு முழு ஆயுசும் இருக்கலாம், கல்யாணம் காட்சி எதற்கும் தடையில்லை, ஆறு மாசம் கழித்து மூட்டைகூடத் தூக்கலாம் என்று விளக்கினார். பிறகு என்ன விளையாட்டு விளையாடுவாய் என்று கேட்டார். அவன் சந்தோஷமாகச் சொன்னான்.

"அது மட்டும் கூடாதுப்பா. அடிபட்டுச்சுன்னா இருக்கற ஒண்ணும் போயிடும். உனக்கு மாத்து கெடையாது."

சாமிதுரை தலையை ஆட்டினான். வெளியே வந்து வராந்தாவில் நின்றான். போன மாசம் ஜெயங்கொண்டத்தில் ஆடிய ஆட்டம் நினைவுக்கு வந்தது. ஜெயித்துவிட்டதால் கடைசியில் ஏனோதானோவென்று ஆடி, சிரித்துக்கொண்டே கோட்டைத் தாண்டி வந்தான். அதுதான் கடைசி ஆட்டம் என்று தெரிந்திருந்தால் இன்னொரு தடவை பாடிப் போயிருப்பான். இப்படி நினைத்ததற்காக அவனுக்கு அவன் மேலேயே கோபம் வந்தது. உள்ளே அக்கா கிடக்கிறாள். இவன் இங்கே நின்று ஆட்டத்தைப் பற்றி யோசிக்கிறான். ஆனாலும் யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

நர்ஸ் ஒருத்தி பேச்சுவாக்கில் சொல்லப் போய், தம்பி இனிமேல் ஆட முடியாது என்கிற விஷயம் குஞ்சம்மாள் காதுக்குப் போய்விட்டது. அவள் அடியோடு மறுத்துவிட்டாள். ஆபரேஷனே வேண்டாம், ஊருக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று தர்மனிடம் பிடிவாதம் பிடித்தாள். சாமிதுரை கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"ஒன் ஒடம்பாலதான்டா நம்ம தெருவுக்கே ஒரு பேரு," என்றாள் அவள். "அதை அறுத்து எனக்குப் போடச் சொல்றியா?"

"பேரு மட்டும்தான்க்கா. நான் ஜெயிச்சது எல்லாம் கப்பும் குத்துவிளக்கும். அது வூட்டுப் பரண்ல கெடக்கு. நீ ஜெயிச்சது என்னான்னு தெரியுமா? நம்ம தெருவுல இப்ப ஒம்போது பொட்டப்புள்ளைங்க பள்ளிக்கூடம் போவுது. நீ போனதைப் பாத்துட்டுத்தான் போவுது."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுவரைப் பார்த்துக்கொண்டே, பயமாக இல்லையா என்று கேட்டாள். இருக்கிறது என்றான். அந்தப் பதிலுக்குப் பிறகுதான் அவள் சரி என்றாள்.

பக்கத்து ஆண்கள் வார்டில் கொளஞ்சியப்பன் என்று ஒருவர் இருந்தார். வரதராஜன்பேட்டையில் முந்திரித்தோப்பு வைத்திருந்தவர், நல்ல வசதி. ஊர்ப்பக்கத்து ஆள் என்பதால் சாமிதுரையோடு நெருங்கிப் பழகினார். வாரத்துக்கு இரண்டு தடவை மெஷினில் போடுவார்கள். முடிந்ததும் துவண்டுபோய்க் கிடப்பார். அவருக்கு இரண்டு பையன்கள். இரண்டு பேரும் வந்து பார்த்துவிட்டு, சோதனைக்கு நாள் குறித்ததும் ஊருக்குப் போனார்கள், திரும்பி வரவில்லை. அவர்களைத் திட்டித் தீர்க்கலாமா என்று சாமிதுரைக்கு இருந்தது. கொளஞ்சியப்பன் விடவில்லை. பிள்ளைகள் பயப்படுகிறார்கள், கொடுத்துவிட்டு நடமாடுகிற ஒரு மனுஷனை அவர்கள் கண்ணால் பார்த்ததில்லை, எதை நம்பி வருவார்கள் என்றார். குஞ்சம்மாளுக்கு ஆபரேஷனுக்கு நாள் குறித்த வாரத்தில் அவர் இறந்துபோனார். மெஷின் இருந்தது, டாக்டர் இருந்தார், கொடுக்க ஆளும் இருந்தது. பயம் ஒன்றுதான் குறுக்கே நின்றது. அவர் கிடந்த காலிக் கட்டிலைச் சாமிதுரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆபரேஷனுக்கு முன்னால் துணிமணி எடுத்து வர அவன் ஒரு தடவை ஊருக்கு வந்தான். அதற்குள் ஊரெல்லாம் பேச்சு பரவியிருந்தது. ஒரு பக்கத்து உடம்பே விளங்காமல் போய்விடும் என்றார்கள். ஆம்பிளைத்தனம் போய்விடும் என்று சாடைமாடையாகச் சொன்னார்கள். அவனுக்குப் பேசி வைத்திருந்த பெண் இருசம்மாள், ஆண்டாயியின் அண்ணன் பிச்சைமுத்துவின் மகள். தை மாசம் கல்யாணம் என்று வெற்றிலைபாக்கு மாற்றியாகிவிட்டது. பிச்சைமுத்து வந்து, நான் பெண்ணைப் பெற்றவன், என் நிலைமையையும் யோசித்துப் பார் என்று சொல்லி, கல்யாணப் பேச்சை நிறுத்திவிட்டுப் போனார். சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பான். அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னதுதான் அவனுக்கு வலித்தது.

மறுநாள் ரயிலுக்குப் போகிற வழியில், அரியலூர் பஸ் ஸ்டாண்டில் இருசம்மாள் நின்றாள். தனியாகத்தான் வந்திருந்தாள். சுற்றிலும் ஒரு தடவை பார்த்துக்கொண்டு நேராகக் கேட்டாள்.

"ஆஸ்பத்திரில கேட்டியா மாமா?"

"எதை?"

"கேக்க வேண்டியதை."

அவனுக்குக் காது சூடாயிற்று. "கேட்டேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னுட்டாங்க."

"அப்பறம் என்ன? போயிட்டு வா. நான் இருக்கேன். எங்கப்பாகிட்ட நான் பேசிக்கறேன்."

சொல்லிவிட்டு வந்த பஸ்ஸிலேயே ஏறிப் போய்விட்டாள். ரயில் விழுப்புரம் சேருகிற வரைக்கும் சாமிதுரை அவள் சொன்னதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு போனான்.

எண்பத்து மூன்று பிப்ரவரியில், ஒரு காலையில் அக்காவையும் தம்பியையும் பக்கத்துப் பக்கத்து அறைகளுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஆண்டாயி நடுவில் நின்றாள். எந்தக் கதவைப் பார்ப்பது என்று தெரியாமல் இரண்டு கதவுக்கும் நடுவிலிருந்த சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள் என்று தர்மன் பிறகு சொன்னான்.

சாமிதுரைக்கு நினைவு வந்தபோது இடது விலாவுக்குக் கீழே யாரோ கடப்பாரையால் குத்தி நெம்புவது மாதிரி இருந்தது. கல் விழுந்து அவனுக்குக் கால்விரல் நசுங்கியிருக்கிறது; ஆட்டத்தில் தோள் விலகியிருக்கிறது; இந்த வலி அப்படிப்பட்டதல்ல. கண்ணைத் திறந்து அக்காவைத் தேடினான். தர்மன் குனிந்து காதோடு சொன்னான்.

"வந்துடுச்சுடா மாப்ள. டேபிள்லயே வந்துடுச்சாம். வச்சுத் தைக்கறதுக்குள்ள சொட்டுச் சொட்டா மூத்திரம் வந்துடுச்சாம்."

அன்று முழுக்க அந்தக் குடும்பத்துக்கு வேறு பேச்சே இல்லை. நர்ஸ் சிறுநீர்ப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அளவு பார்க்கும்போதெல்லாம் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று ஆண்டாயி கையெடுத்துக் கும்பிட்டாள். மூத்திரத்தைப் பார்த்துச் சந்தோஷத்தில் அழுத ஜனத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று தர்மன் பல காலம் சொல்லிக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் குஞ்சம்மாளுக்குச் சாம்பல் நிறம் போய் உதட்டில் இரத்த ஓட்டம் தெரிந்தது. பசிக்கிறது என்றாள். நிறையத் தண்ணீர் குடி என்று டாக்டரே செம்பை எடுத்துக் கொடுத்தார். அவள் ஒரே மூச்சில் குடித்து முடித்தாள்.

இரண்டாம் வாரத்தில் காய்ச்சல் வந்தது. பாட்டிலில் அளவு குறைந்துகொண்டே போயிற்று. சாமிதுரை விலாவைக் கையால் தாங்கிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்துபோய்ப் பெரிய டாக்டர் அறை வாசலில் நின்றான். என்னுடையது அவளுக்கு ஆகவில்லையா என்று கேட்டான். அவ்வளவு உறுதியான உடம்பிலிருந்து எடுத்துக் கொடுத்தது தோற்றுப்போகும் என்று அவன் நினைக்கவே இல்லை. டாக்டர் அவனை உட்கார வைத்தார். கிட்னியில் ஒரு குறையும் இல்லை, அவள் உடம்பு அதை வெளியாள் என்று நினைத்து எதிர்த்து நிற்கிறது, அதை அடக்கத்தான் ஊசி போடுகிறோம் என்றார்.

"போன தலைமுறையில இந்த ஆபரேஷனே நம்ம நாட்டுல கெடையாது. இப்ப வைக்கத் தெரிஞ்சுக்கிட்டோம். ஒடம்பு அதை ஏத்துக்கவைக்க இன்னும் கத்துக்கிட்டுதான் இருக்கோம். எத்தனை வருஷம் ஓடும்னு எனக்கே தெரியாதுப்பா. பொய் சொல்ல மாட்டேன்."

ஊசி போட்டு மூன்று நாள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். நாலாம் நாள் காலையில் பாட்டில் நிறைந்திருந்தது.

அவர்கள் ஊர் திரும்பியபோது வெயில் ஏறியிருந்தது. அரியலூர் ஸ்டேஷனில் தெருச்சனம் மாலையோடு நின்றது. யாருக்குப் போடுவது என்று தடுமாறி, ஒரே மாலையை இரண்டு பேர் கழுத்துக்கும் சேர்த்துப் போட்டார்கள். இருசம்மாள் கூட்டத்தில் பின்னால் நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் பிச்சைமுத்துவும் நின்றார். வீட்டில் மகள் என்ன பேசினாள் என்பது யாருக்கும் தெரியாது. ஆவணியில் கல்யாணம் நடந்தது. அடுத்த வருஷம் பெண்குழந்தை பிறந்தது. பேத்தியைக் கையில் வாங்கியபோது பிச்சைமுத்து மருமகனை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் ஒன்றும் தேவைப்படவில்லை.

எல்லாம் சுலபமாகிவிடவில்லை. மாத்திரையால் குஞ்சம்மாளின் முகம் வட்டமாக உப்பிப் போயிற்று. பள்ளிக்குப் போன முதல் நாள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அவளைப் புது டீச்சர் என்று நினைத்து எழுந்து நின்றன. அவள் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் நம்பின. மாத்திரை பெரம்பலூரிலும் கிடைக்காது, திருச்சியிலும் கிடைக்காது. வேலூரிலிருந்து தபாலில் வர வேண்டும். ஒரு மழைக்காலத்தில் பார்சல் வந்து சேரத் தாமதமானபோது சாமிதுரை தானே ரயிலேறிப் போய் வாங்கி வந்தான். வேளை தப்பினால் உள்ளே இருப்பதற்கு ஆபத்து. உயிரோடு இருக்கிற வரைக்கும் இந்தக் காவல் காத்தாக வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கைக்கடிகாரம் பார்த்து மாத்திரை போடும் டீச்சர் என்று பேர் வாங்கினாள்.

சாமிதுரை மறுபடி லாரிக்குக் கல் ஏற்றினான். சடுகுடு நடக்கிற திடலுக்கு முதல் தடவை வேடிக்கை பார்க்கப் போனவன் பாதியிலேயே எழுந்து வந்துவிட்டான். "பாவம்" என்று யாரோ பின்னால் சொன்னது காதில் விழுந்தது. அந்த ஒரு வார்த்தையை அவனால் பொறுக்க முடியவில்லை. அடுத்த திருவிழாவில் ஊர்ப் பெரியவர் அரியமுத்து அவன் கையில் விசிலைக் கொடுத்து நடுவராக நிற்கச் சொன்னார். நின்றான். நன்றாகத்தான் நின்றான். ஆட்டம் முடிந்து வெளியூர் ஆள் ஒருவர், இவர் யார் என்று விசாரித்தார். குஞ்சம்மா டீச்சரோட தம்பி என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார். சாமிதுரை திரும்பிப் பார்த்தான். தன்னை யாரும் அப்படிச் சொல்லி அவன் கேட்டதே இல்லை. அன்று வீட்டுக்குப் போகும்போது தோளில் தூக்கிச் சுமந்த நாளை விட மனசு நிறைந்திருந்தது.

குஞ்சம்மாள் சும்மா இருக்கவில்லை. பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து முகத்தையும் கணுக்காலையும் பார்ப்பாள். சிரங்கு இருந்தால் வேப்பிலையோடு விடாதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று தாய்மாரைப் பிடித்து நிறுத்திச் சொல்லுவாள். டாக்டர் கிருஷ்ணமூர்த்தியிடம் போய், வருஷத்துக்கு ஒரு தடவையாவது பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள் என்று கேட்டாள். அவர் ஸ்பிரிட் விளக்கும் கண்ணாடிக் குழாயுமாக வந்தார். ஊரில் மூத்திர டீச்சர் என்று கேலி பண்ணினார்கள். இரண்டாம் தடவை வந்தபோது ஆண்டவர் என்கிற விவசாயியின் மகளுக்குக் குழாயில் திரிந்தது. உடனே திருச்சிக்கு அனுப்பினார்கள். அந்தப் பெண் ஒரு மாசத்தில் சுகமாகிப் பள்ளிக்குத் திரும்பியது. அதோடு கேலி நின்றது. எனக்கு அன்றைக்கு யாராவது இப்படிப் பார்த்திருந்தால் உன் விலாவைக் கிழித்திருக்க வேண்டாம் என்று தம்பியிடம் ஒரு தடவை சொன்னாள்.

ஆட்கள் தேடி வர ஆரம்பித்தார்கள். கிட்னி கொடுத்தவன் நிஜமாகவே இருக்கிறானா என்று பார்த்துவிட்டுப் போக வந்தார்கள். சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டச் சொல்லுவார்கள். முதலில் அவனுக்குக் கூச்சமாக இருந்தது. அப்புறம் கொளஞ்சியப்பனின் பையன்களை நினைத்துக்கொண்டு காட்டுவான். பார்த்தவர்கள் எல்லாரும் துணியவில்லை. துணிந்த எல்லாருக்கும் நல்லபடியாகவும் முடியவில்லை. ஜெயங்கொண்டம் பக்கம் இளையபெருமாள் என்பவர் தன் தம்பிக்குக் கொடுத்தார்; ஒரே மாசத்தில் அது வேலை செய்யாமல் போய்த் தம்பி இறந்துவிட்டான். சாமிதுரை துக்கம் கேட்கப் போனான். தன்னை வைகிற பேச்சைக் கேட்டுக்கொள்ளத் தயாராகத்தான் போனான். இளையபெருமாள் வையவில்லை, குடுத்தேன்கிற ஒண்ணாவது எனக்கு மிச்சம் என்று சொல்லி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு யார் வந்து கேட்டாலும் அக்கா கதையோடு அந்தக் கதையையும் சேர்த்தே சொன்னான்.

எண்பத்தாறில், ஏலாக்குறிச்சி பக்கத்திலிருந்து உண்ணாமலை என்று ஒரு அம்மாள் வந்தாள். கைம்பெண், சொந்தக் காட்டில் கம்பும் கடலையும் போட்டுப் பிழைத்தவள். அவள் மகன் குருநாதனுக்கு இருபத்திரண்டு வயசு, மெஷினில் வைத்திருந்தார்கள். அவள் தழும்பைக் காட்டச் சொல்லவில்லை. நீ உன் வேலையைப் பாரு தம்பி என்று சொல்லிவிட்டுக் குவாரி ஓரத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். காலையிலிருந்து வேலை முடிகிற வரைக்கும் அவன் கல் தூக்குவதையும், குனிவதையும், கஞ்சி குடிப்பதையும், சிரிப்பதையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். பொழுது சாய்ந்ததும் எழுந்து வந்து, எனக்கு வழி தெரியாது, வேலூருக்குக் கூட வருவியா என்று மட்டும் கேட்டாள்.

சாமிதுரை போனான். சோதனைகளெல்லாம் முடிந்து நாள் குறிக்கிற வரைக்கும் மறுபடி மறுபடி போய் வந்தான். ஆபரேஷன் அன்று காலையில் பச்சை அங்கி போட்டு அவளைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்தார்கள். கதவுக்கு முன்னால் வண்டி நின்றபோது அவள் கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தம்பி, வலிக்குமா?"

"வலிக்கும்மா. நல்லாவே வலிக்கும். பத்து நாள் கண்ணுல தண்ணி வரும். அப்பறம் கொறைஞ்சிடும்."

அவள் கையை விட்டாள். "நெசத்தைச் சொன்ன. போதும்," என்றாள். வண்டி உள்ளே போயிற்று.

மதியத்துக்கு மேல் கதவு திறந்தது. பையனுக்குச் சிறுநீர் வந்துவிட்டது, அம்மாவும் நன்றாக இருக்கிறாள் என்று ஒரு நர்ஸ் வந்து சொன்னாள். புதிதாக வந்தவள், அவனை அவளுக்குத் தெரியாது. உள்ளே ஒருவரை விடலாம், நீங்கள் அவர்களுக்கு என்ன உறவு என்று கேட்டாள்.

"ஒறவெல்லாம் இல்லிங்க," என்றான் சாமிதுரை. "நான் ஏற்கெனவே குடுத்தவன்."

அவள் அவனை ஒரு கணம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு வாங்க என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.